சீனாவுக்குப் போகாதவர்களின் ஊர்

மொன்றியல் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் என் காதில் விழுந்த முதல் தமிழ், "ஜேர்மன் அண்ணை, அந்தா வாறா உங்கட தங்கச்சி" என்பதுதான். பதினைந்து வருடங்களாகக் காணாத அண்ணையைக் கட்டிப்பிடிக்க ஓடிய எனக்குக் கால் ஒரு கணம் தயங்கியது. அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு விசா கிடைக்க ஏழு மாதம் ஆனது. அது விசா இல்லாமலே எனக்கு முன்னால் வந்து இங்கே குடியேறிவிட்டது.

அண்ணையின் ஞானஸ்நானப் பெயர் அமலதாஸ். ஜேர்மன் என்பது பட்டப்பெயர். அதை வைத்தவள் நான்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. அங்கே பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. பதிவுப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். எண்பத்தேழாம் ஆண்டு அண்ணை ஜேர்மனிக்குப் போகப் புறப்பட்டார். கோயிலில் பூசை வைத்து, ஊர் முழுக்கச் சொல்லி, பஸ் வரை ஆட்கள் வந்து அழுது அனுப்பினோம். இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்தே திரும்பி வந்தார். ஏஜென்ட் மறைந்துவிட்டான். அடுத்த வருடம் மறுபடி பூசை, மறுபடி அழுகை. இந்த முறை பாங்கொக் வரை போய், நாலு மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக ஒரு மத்தியானம் பஸ்ஸால் இறங்கினார். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் பாதி ஊர் கூடியிருந்தது. அந்த நாலு மாதமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு உச்சியில் இருந்தது. பத்தொன்பது வயது வாய் வேறு. "என்ன அண்ணை, ஜேர்மன் எப்பிடி? சரியான குளிரோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணையும் சிரித்தார். அன்று பின்னேரமே அவர் ஜேர்மன் தாஸ் ஆகிவிட்டார்.

மூன்றாவது முறை அவர் கனடாவுக்குப் போனார். பூசை இல்லை, அழுகை இல்லை. யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. காலையில் எழும்பிப் பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரத்தையும் அவர் சுருட்டிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நான் இத்தனை வருடமும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடிதத்தில் கேட்டிருக்கலாம். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது போர்நிறுத்த காலம். பாதை திறந்திருக்கிறது. அண்ணையின் மகள் ஷரோனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். "மாமி வராட்டி நான் வெள்ளைச் சட்டை போடமாட்டன்" என்று அவள் பிரெஞ்சில் அடம்பிடித்ததாக அண்ணையின் மனைவி, என் மச்சாள், தொலைபேசியில் சொன்னார். அப்படித்தான் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வைகாசியில் மூன்று கிழமை விடுமுறைக்கு மொன்றியலில் வந்து இறங்கினேன்.

அண்ணை குடும்பம் சென்-மிஷேல் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. இந்த நகரத்தில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே இரும்பில் வளைத்துக் கட்டுகிறார்கள். உள்ளே இடம் மிச்சமாம். பனிக்காலத்தில் எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டேன். "செபம் சொல்லிக்கொண்டு" என்றார் மச்சாள் ஜெனிற்றா. அவர் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். நாள் முழுக்கப் பிரெஞ்சில் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் சத்தம் போடுகிறவர். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

முதல் நாள் சாப்பாடு குரக்கன் புட்டு, இறால் குழம்பு. இறால் இங்கே ஐஸ் பெட்டியில் தூங்கி வந்தது. எங்கள் கரையில் துள்ளுவதன் சுவை அதில் இல்லை. ஆனாலும் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். அண்ணை ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இடுப்பு" என்றார் மச்சாள். "புவாண்ட்-கிளேரில வேர்ஹவுஸ் வேலை. மார்கழியில ஒரு பெட்டி தூக்கேக்க பிடிச்சது. இனிப் பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் எழுதிக் குடுத்திட்டார். அஞ்சு மாசமா வீட்டில இருந்து சுவரைப் பாக்கிறார்."

"சும்மா இரும்" என்றார் அண்ணை.

"ஏன் சும்மா இருக்கோணும்? நல்ல வேலை ஒண்டு வந்திருக்கு, போகமாட்டன் எண்டு நிக்கிறார். நீர் கேளும் பிலோ" என்று என் பக்கம் திரும்பினார்.

விஷயம் இதுதான். மொன்றியலும் ஒரு தீவுதான். அதன் தென்மேற்கில், ஏரிக்கரையில், லஷீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. இப்போது மாநகரத்தோடு ஒட்டிவிட்டது. அங்கே ஒரு சின்னக் காட்சிசாலைக்குக் கோடைகாலத்துக்கு வழிகாட்டிகள் வேண்டுமாம். வருகிறவர்களைக் கால்வாய்க் கரையோரம் கூட்டிக்கொண்டு போய் ஊரின் பெயர் எப்படி வந்தது, ஆரம்பத்தில் யார் இருந்தார்கள் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால் குளிர்காலத்திலும் உள்ளே வேலை கொடுப்பார்கள். பாரம் தூக்கத் தேவையில்லை. அண்ணை விண்ணப்பம் போட, பரீட்சைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது.

"ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

அண்ணை புட்டைக் கிளறினார். "பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஆக்களுக்கு முன்னால நிண்டு கதைக்கோணும் பிள்ளை. நான் பிழைவிட்டால் சிரிப்பாங்கள்."

ஊருக்கு முன்னால் நின்று சிரிப்பு வாங்கப் பயப்படும் ஒரு மனிதர். அந்தப் பயம் எந்தப் படலையடியில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள் நான். சாதாரண தரப் பரீட்சையில் பாஸ் பண்ணவே மாட்டான் என்று அதிபர் கைகழுவிய பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறேன். இந்த அண்ணையைப் பரீட்சையில் ஏற்றாமல் விமானம் ஏறுவதில்லை என்று அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவெடுத்தேன்.

"நான் படிப்பிக்கிறன்" என்றேன். "நாளைக்கே அந்த ஊரைப் பார்த்துக்கொண்டு வாறன். நீங்கள் வரவேண்டாம், இடுப்பைப் பாருங்கோ."

எங்கள் ஊர் பஸ்ஸில் கொண்டக்டர் ஊர் ஊராகக் கத்துவான். இறங்க வேண்டியவரைத் தட்டி எழுப்பி இறக்குவான். இங்கே யாரும் கத்தவில்லை. நான் பாட்டுக்கு ஜன்னலோரம் இருந்து, லஷீன் என்று எவராவது சொல்வார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மேலே தொங்கிய ஒரு கயிற்றை இழுத்தார்கள், மணி அடித்தது, இறங்கினார்கள். அது எதற்கோ என்று இருந்துவிட்டேன். ஏரி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு மணி நேரம் ஆனபின் பையைத் தோளில் மாட்டியபடி பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞன் என் கையிலிருந்த தமிழ்க் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, நீங்க தமிழா? எங்க போகணும்?"

சொன்னேன்.

"லஷீனா? ஐயோ, அத தாண்டி அரை மணி நேரம் ஆச்சே! இது புவாண்ட்-கிளேர். அந்தக் கயிறை இழுத்தாதான் நிறுத்துவாங்க."

பெயர் கார்த்திக். சென்னைப் பிள்ளை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் நிறுத்தத்தைத் தவறவிட்டதற்காக அவனே இறங்கி, என்னைத் தெரு கடக்க வைத்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் என்னோடு நின்றான். வந்ததுதான் வந்தோம் என்று அந்த ஊருக்கு ஏன் அப்படிப் பெயர் என்று கேட்டேன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் தெளிவாகத் தெரியுமாம், அதனால் தெளிந்த முனை என்று பெயராம். பழைய காற்றாலை ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது என்றான். பகை வந்தால் குடியேறிகள் ஓடி ஒளிய அதையே கோட்டையாகக் கட்டினார்களாம்.

"லஷீன் பேரு இன்னும் காமெடிக்கா. சைனாவுக்குப் போறேன்னு கிளம்பி இங்கயே நின்னுட்டாங்க. நம்ம ஆளுங்க அமெரிக்கா போறேன்னு கிளம்பி இங்க செட்டில் ஆகலையா, அந்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. இந்த முறை கயிற்றை இரண்டு நிறுத்தம் முந்தியே இழுத்துவிட்டு, பிழையான இடத்தில் இறங்கி, மிச்சத்தை நடந்தேன்.

லஷீன் ஏரிக்கரை அழகாகத்தான் இருக்கிறது. புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. வைகாசி என்கிறார்கள், எனக்கோ விறைத்தது. மச்சாளின் குளிர்ச்சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு ஒரு பழைய கல் வீட்டின் வாசலில் ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் எடுத்தேன். கரையோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன்.

முந்நூற்று முப்பது வருடங்களுக்கும் முன்னர் இந்தக் கரை பிரெஞ்சுக் குடியேற்றத்தின் எல்லை. கடலால் வரும் கப்பல் இதற்குக் கீழே இருக்கும் நீர்ச்சுழிகளைத் தாண்ட முடியாது. ஆகவே மேற்கே போகிறவன் எவனும் இங்கிருந்துதான் வள்ளத்தில் ஏற வேண்டும். இந்தக் காணியைப் பெற்ற ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு ஒரே கனவு. ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் சீனா வரும் என்று. இருந்ததை விற்று, ஆட்களைச் சேர்த்து, வள்ளங்களில் புறப்பட்டான். சீனா வரவில்லை. அவனோடு போனவர்களில் ஒரு பகுதியினர் சில மாதத்திலேயே திரும்பி வந்தார்கள். கரையில் நின்றவர்கள் அவர்களைக் கண்டு, "இதோ சீனாக்காரர் வந்துவிட்டார்கள்" என்கிற மாதிரிக் கேலி செய்து, அவர்கள் திரும்பிய இடத்துக்கே சீனா என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் லா ஷீன். அதுதான் லஷீன்.

பூமியில் எத்தனை ஆயிரம் ஊர் இருக்கிறது. என் அண்ணைக்கு வேலை வந்த ஊர் இதுவா?

வீட்டுக்கு வந்து தமிழில் குறிப்பு எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் பிள்ளைகளுக்குச் செய்யாத ஒன்றை அன்று செய்தேன். சரித்திரத்தில் கத்தரிக்கோல் வைத்தேன். "சீனாவுக்கு வழி தேடும் ஆசையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது" என்று ஒரு வரி எழுதி, திரும்பி வந்தவர்களையும் கரையில் நின்று சிரித்தவர்களையும் அப்படியே விட்டுவிட்டேன். அண்ணைக்கு நோகக்கூடாது என்று எனக்கே நியாயம் சொன்னேன். உண்மையில் எனக்கு நோகக்கூடாது என்றுதான்.

பிறகு வந்த நாட்கள் முழுக்கப் பாடம். அண்ணைக்கு வேர்ஹவுஸ் பிரெஞ்சு தாராளமாக வரும். பெட்டியைத் தூக்கு, வை, திட்டு. ஆனால் சரித்திரத்துக்கு அது காணாது என்று நான் நினைத்தேன். மச்சாள் என் குறிப்பை நல்ல பிரெஞ்சில் ஆக்கினார். நான் அதை உச்சரிப்போடு தமிழ் எழுத்தில் எழுதினேன். நாலு பக்கம். அண்ணை அதைச் செபமாலை மாதிரி மனப்பாடம் செய்தார். எங்கள் பக்கத்தில் படிப்பு என்றால் அதுதானே. பொருள் விளங்குகிறதோ இல்லையோ, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வழுக்காமல் ஓட வேண்டும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், குடும்ப செபம் முடிந்து ஒரு தரம். கடைசியில் அவர் அதைச் சொல்லும்போது பிரார்த்தனை ராகமே வந்துவிட்டது. கூட இருந்த எனக்கு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வாய் தானாக வரப் பார்த்தது. ஷரோன் மட்டும் காதைப் பொத்தினாள். "அப்பா பிரெஞ்சு இப்பிடிக் கதைக்கிறேல்லை" என்றாள். நான் அவளை அதட்டி அனுப்பினேன். பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. கோயில் நிறையப் பேசாலையும் யாழ்ப்பாணமும். பூசை முடிந்து நிலவறை மண்டபத்தில் ரோல்ஸ், பற்றிஸ், கேக். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டி வந்த சூசை கையில் பற்றிஸோடு எழும்பி நின்றான். "கேட்டியளே, எங்கட ஜேர்மன் அண்ணை இப்ப வெள்ளைக்காரனுக்குச் சரித்திரம் படிப்பிக்கப் போறாராம்!" மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புத்தான். அண்ணையும் சிரித்தார். அதே சிரிப்பு. படலையடியில் சிரித்த அதே மாதிரி, வாய் மட்டும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "நான் போகேல்லை பிள்ளை. விடு."

"போறீங்கள்."

"எனக்கு ஏலாது."

"அண்ணை, நான் ஊரில பள்ளிக்கூடத்தில லீவு எழுதிக் குடுத்து, கொழும்பில தூதரகத்துக்கு முன்னால வெய்யிலில நிண்டு, கேக்குக்காகவே வந்தனான்? போறீங்கள். ஏலாட்டி நான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போவன். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, வெக்கமும் இல்லை."

மச்சாள் அடுப்படியிலிருந்து, "அவ இழுப்பா" என்றார்.

பரீட்சை நாள் தூறலோடு விடிந்தது. காட்சிசாலை வாசலில் தலைநரைத்த ஒரு பெண்மணியும் குறிப்பெடுக்க ஓர் ஆணும் நின்றார்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரரும் உண்மையான பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும், யாரும் சேர்ந்து வரலாம் என்றார்கள். ஏழெட்டுப் பேர் கூடினோம். நாயைப் பிடித்தபடி ஒரு கிழவரும் வந்து சேர்ந்தார். மச்சாள் என் காதோரம் நின்று மெல்ல மொழிபெயர்த்தார்.

அண்ணை தொடங்கினார். ராகம் பிறந்தது. முதல் பக்கம் வழுக்காமல் ஓடியது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நாய்க் கிழவர் ஏதோ கேட்டார். வள்ளம் எந்த மரத்தில் செய்தது என்று. அண்ணை நின்றார். பிறகு, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். செபமாலையில் மணி தவறினால் நாங்கள் அப்படித்தானே செய்வோம். குறிப்பெடுத்த ஆண் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார்.

தலைநரைத்த பெண்மணி கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் கேட்டதை மச்சாள் சொன்னார்: "பேரை வைச்சது ஆராம்? சீனாவுக்குப் போன ஆளே வைச்சவரோ எண்டு கேக்கிறா."

என் நாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் வெட்டி எறிந்தது அதைத்தான். அண்ணை என்னைப் பார்த்தார். நான் கால்வாயைப் பார்த்தேன்.

அண்ணை பேசினார். ராகம் இல்லை. வேர்ஹவுஸ் பிரெஞ்சு. கையும் சேர்ந்து பேசியது.

"இல்லை, கரையில நிண்டு சிரிச்ச ஆக்கள் வைச்சது எண்டு சொல்லுறார்" என்று மச்சாள் கிசுகிசுத்தார். "திரும்பி வந்தவங்களைப் பார்த்து நக்கலடிச்சவையாம். எனக்கு அது நல்லா விளங்கும் எண்டுறார். நானும் ஜேர்மனிக்கு ரெண்டு தரம் வெளிக்கிட்டுப் போய்ச் சேராத ஆள். இருபது மைல் தள்ளி இருக்கிறவனுக்கும் என்ர பேர் ஜேர்மன். கனடாவில பதினைஞ்சு வருசம், இண்டைக்கும் அதுதான் பேர் எண்டுறார்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அண்ணையின் கண்ணும் சிரித்தது.

அவர் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். திரும்பி வந்தவர்கள் வெட்கப்பட்டு ஓடிவிடவில்லை, இங்கேயே காடு வெட்டிக் கோதுமை விதைத்தார்கள், மரவேலி கட்டினார்கள் என்றார். இருபது வருடம் கழித்து ஒரு மழை இரவில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான இரோக்குவா வீரர்கள் வந்து வீடுகளைக் கொளுத்தியதையும் சொன்னார். அதற்கு முன்பு பிரெஞ்சுப் படை போய் அவர்களின் சோளக் கொல்லைகளைக் கொளுத்தியதையும் விடாமல் சொன்னார். அது என் குறிப்பில் இருந்தது. அதையாவது ஒழுங்காக எழுதினேனே. அக்கரையில் இன்றும் அந்த மக்கள் இருக்கிறார்கள், இந்தக் கேலிக்கு எவ்வளவோ முதலே அவர்களுக்கு இந்த இடத்துக்குத் தங்கள் பெயர் இருந்திருக்கும், அது எனக்குத் தெரியாது, பிழையாகச் சொல்வதைவிட அவர்களையே போய்க் கேட்கிறேன் என்றார். தலைநரைத்த பெண்மணி எதையோ எழுதினார்.

கடைசியில் அண்ணை ஏரியைக் காட்டிச் சொன்னதை மச்சாள் மொழிபெயர்த்தார். "சிரிச்ச ஆக்களின்ர பேர் ஒண்டும் இஞ்ச இல்லை. திரும்பி வந்தவங்களின்ர பேர்தான் ஊருக்கே நிண்டது எண்டுறார்."

நாய்க் கிழவர் விடவில்லை. "உங்களுக்கு அந்தப் பெயரை வைத்தது யார்?" என்று கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சொல்லில் பதில் சொன்னார். மச்சாள் எனக்கு அதை மொழிபெயர்த்தார். "ஊர்."

முடிந்ததும் கால்வாய்க் கரையில் ஒரு கடையில் பூத்தீன் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியல், அதன்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகள், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு குழம்பு. மொறுமொறுப்பாகப் பொரித்ததை ஏன் குழம்பூற்றி நனைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தட்டை வழித்தேன். பயந்து களைத்தவளுக்கு அது நல்ல சாப்பாடு.

"நீ அதை வெட்டிப்போட்டாய் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் அண்ணை. "வேர்ஹவுஸில ஒரு லஷீன்காரன் என்னோட வேலை செய்தவன். என்ர பேரின்ர கதையைக் கேட்டிட்டு, எங்கட ஊர்க் கதையும் அதுதான் எண்டு சொன்னவன். அதாலதான் இந்த வேலைக்கே எழுதிப் போட்டனான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"நீ பாவம். எவ்வளவு பாடுபட்டு எழுதினனி."

"ஏன் ஊர் எண்டு சொன்னீங்கள்?"

"ஊர்தானே கூப்பிட்டது. சாப்பிடு, ஆறப்போகுது."

கேட்க வேண்டியதை அப்போதே கேட்டிருக்கலாம். வாயில் கிழங்கு இருந்தது. கிழங்கு முடிந்தபின் பஸ் வந்தது. பதினைந்து வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

நாலாம் நாள் காட்சிசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணை நின்றபடியே கேட்டார். "வி, வி, மெர்சி" என்றார், வைத்தார், மச்சாளைப் பார்த்துத் தலையாட்டினார். மச்சாள் வெளிப்படிக்கட்டில் போய் நின்று, தெருவில் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்குத் தமிழில் செய்தி சொன்னார். அந்தப் பெண்ணும் கையசைத்து "பொன்ஜூர்" என்றாள்.

அவருடைய முதல் வேலை நாள் சனிக்கிழமை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். மச்சாள், ஷரோன், நான் மூவரும் போனோம், கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். இருபது பேருக்கு மேல் இருக்கும். நாய்க் கிழவரும் மறுபடி வந்திருந்தார், இந்த முறை மனைவியோடு. அண்ணை நீலச் சட்டை போட்டிருந்தார். நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது, தாஸ் என்று. பிரெஞ்சு எனக்கு வராது. ஆனாலும் கதை எங்கே போகிறது என்று இப்போது தெரியும். சீனா வந்தது, வள்ளம் வந்தது, சிரிப்பு வந்தது, ஜேர்மன் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கேள்வி கேட்டாள். மச்சாள் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அண்ணை அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறப்பதைப் பார்த்தேன்.

வகுப்பில் இதைச் செய்தது யார் என்று நான் கேட்டால் ஒரு பிள்ளையும் கை தூக்காது. எல்லாம் கூரையைப் பார்க்கும். நான் பிரம்போடு நின்று, நேர்மை பற்றிப் பெரிய பிரசங்கம் வைப்பேன்.

நான் கையைத் தூக்கினேன்.

"ஊர் இல்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கத் தமிழில். "நான்தான். பத்தொன்பது வயசில, படலையடியில, ஊருக்கு முன்னால. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

இருபது வெள்ளைக்காரத் தலைகள் என் பக்கம் திரும்பின. பிறகு அண்ணையின் பக்கம் திரும்பின. நான் சொன்னதைப் பிரெஞ்சில் சொல்ல அவரைத் தவிர அங்கே வழிகாட்டி வேறு இல்லை. அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைக் கையால் காட்டி, வேர்ஹவுஸ் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நாய்க் கிழவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"என்னவாம்?" என்று மச்சாளைக் கேட்டேன்.

மச்சாளும் அழுதுகொண்டிருந்தார். "பேர் வைச்சது இவதானாம்" என்றார். "கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து இந்த இடத்தில விட்டதும் இவதானாம். அப்ப ஜேர்மன் எண்ட பேரின்ர கணக்கு இதோட சரியாம்."